பாடக் காணொளியை நிறுத்திய குற்றம்

அனுப்புநர்:
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் தந்தை,
நகரப் பேருந்து ஓட்டுநர்,
பள்ளி மதிலை ஒட்டிய தெரு.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: கணக்குப் பாடக் காணொளியை இடையில் நிறுத்திச் சந்தேகம் கேட்ட என் மகளை வகுப்புக்கு வெளியே உட்கார வைத்திருப்பது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். கோபம் குறையவில்லை. மரியாதைக் குறைவாக ஏதும் வந்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. இந்தக் கல்வியாண்டு முதல் கணக்கும் அறிவியலும் வகுப்பறைத் திரையில் காணொளியாக ஓடுகின்றன. அதை நான் குறை சொல்ல வரவில்லை. இதயம் துடிப்பதைத் திரையில் பார்த்துவிட்டு வந்த அன்று, என் மகள் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். அந்தத் திரையை அன்று மனதார வாழ்த்தினேன்.

2. என் மனத்தாங்கல் தங்கள் அலுவலகம் அனுப்பிய விதியைப் பற்றியது. காணொளி தொடங்கினால் முடியும்வரை ஓட வேண்டுமாம். நடுவில் நிறுத்தினால் 'பாடம் நடக்கவில்லை' என்று தங்கள் கணினியில் பதிவாகி, ஆசிரியையிடம் விளக்கம் கேட்டு ஓலை வருமாம். விளையாட்டு விழா அன்று பிள்ளைகள் எல்லாம் மைதானத்தில் இருக்க, பூட்டிய வகுப்பில் படம் தானாக ஓடி, மேசை நாற்காலிகளுக்குத் தசம எண் நடத்தப்பட்டிருக்கிறது. அது 'முழுமை' என்று பதிவாகியிருக்கிறது. தேர்வு வைத்தால் நாற்காலிகள் தேறிவிடும் போலும்.

3. சென்ற வாரம் பின்ன வகுத்தல். ஆறை அரையால் வகுத்தால் பன்னிரண்டு என்று திரை சொன்னது. வகுத்தால் எண் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடியது என்று என் மகளுக்குப் புரியவில்லை. கையைத் தூக்கினாள். படம் அதன் பாட்டுக்கு ஓடியது. கை வலித்ததும் எழுந்து போய், தானே படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பாதி வகுப்பு 'எனக்கும் அதேதான்' என்றதாம். பதில் கிடைக்கவில்லை, தண்டனை கிடைத்தது. அன்று முதல் கணக்கு வகுப்பு நடக்கும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மன்னிப்புக் கடிதம் தந்தால்தான் உள்ளே விடுவார்களாம். "தெரியலன்னு கேட்டதுக்கு என்னப்பா மன்னிப்பு எழுதறது?" என்றாள். அரையாண்டுத் தேர்வோ நெருங்கிவிட்டது.

4. நேரில் போனேன். பிள்ளைக்குக் கவனம் போதாது என்றார் தலைமையாசிரியர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆசிரியை மட்டும் வாசல்வரை வந்து, "எனக்குச் சொல்லித் தரணும்னு ஆசை இல்லையா சார்? நிறுத்தினா என்னைத்தான் கேப்பாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி எழுதியவர் மேல்தான். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கெடுபிடி ஓட்டுநரான எனக்கும் உண்டு. அதற்காக, நிறுத்தத்தில் நிற்பவர்களை விட்டுவிட்டுக் காலி வண்டியை ஓட்டிப் போய், 'சரியான நேரத்தில் வந்தேன்' என்று கையெழுத்துப் போட்டால் என்னை வேலையில் வைத்திருப்பார்களா ஐயா?

5. இத்தனையும்கூடப் பொறுத்திருப்பேன். வாய் ஓயாத பிள்ளை அது. வீட்டில் அதற்குப் பெயரே கேள்விமூட்டை. நேற்றுச் சாப்பிடும்போது நானும் அவள் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தோம். அவள் சோற்றில் கை வைக்காமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு ஓய்ந்த பிறகு, "முடிச்சிட்டீங்களாப்பா? இப்ப கேக்கலாமா?" என்றாள். அவள் கேட்க இருந்தது, உப்பு எங்கே என்று.

ஆகவே, பிள்ளை கேட்கும்போது படத்தை நிறுத்த ஆசிரியைக்கு அனுமதி தரும்படி வேண்டுகிறேன். மன்னிப்புக் கடிதம் வராது. எனக்குப் பதில் கடிதமும் வேண்டாம். திங்கட்கிழமை என் மகளை வகுப்புக்குள் உட்கார வையுங்கள். ஆறு எப்படிப் பன்னிரண்டு ஆனது என்று யாராவது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

நாள்: வெள்ளிக்கிழமை, காலைப் பணி முடிந்த பின்
இடம்: பேருந்துப் பணிமனை ஓய்வறை

இப்படிக்கு,
வெளியே உட்கார வைக்கப்பட்டிருக்கும் மாணவியின் தந்தை
(கையொப்பம்)