ஒருத்தருக்கு மட்டும் இறால்

நியூ ஆர்லியன்ஸ்
மார்ச் 4, 1974

அன்புள்ள லியோனிக்கு,

நலமா? லாஸ் ஏஞ்சலஸில் மழையே பெய்யாதாமே, உண்மையா? உன் சிநேகிதி எர்லீன் உனக்குக் கொடுத்திருக்கும் அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ பதில் போடவில்லை. அதற்கு முந்தைய கடிதத்துக்கும் போடவில்லை. போனில் கூப்பிடாதே, குரலைக் கேட்டால் சண்டைதான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால் இந்தக் காகிதத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எல்லாம் பழையபடிதான். கார்னிவல் முடிந்து தவக்காலம் வந்துவிட்டது. ஊர்வலத்தில் வீசிய பாசிமணிகள் இன்னும் என் பஸ்ஸில் சீட்டுக்கடியில் உருண்டுகொண்டிருக்கின்றன. பிரேக் போடும்போதெல்லாம் ஒரு மணி என் காலடிக்கு வந்துவிடுகிறது. இன்று திங்கட்கிழமை, அடுப்பில் சிவப்பு பீன்ஸ் கொதிக்கிறது. நடுநடுவே எழுந்துபோய்க் கிளறிவிட்டு வந்து எழுதுகிறேன், எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு உதவி வேண்டும். உன் அம்மா வெள்ளிக்கிழமைகளில் தக்காளி போட்டு இறால் செய்து, உன் அப்பாவுக்குத் தெரியாமல் நம் வீட்டுக்குச் சட்டியோடு கொண்டுவருவாரே, சோற்றின் மேல் ஊற்றித் தின்பாயே, அதை எப்படிச் செய்வது? அவர் தெருவுக்கே போதுகிற மாதிரி செய்வார். எனக்கு ஒருத்தருக்கு மட்டும் போதும். கொஞ்சம் சீக்கிரம் எழுது.

உன் அறைக்கு ஜன்னல் இருக்க வேண்டுமென்று நினைக்கிற,
வெண்டல்

*

லாஸ் ஏஞ்சலஸ்
மார்ச் 10, 1974

வெண்டலுக்கு,

ஜன்னல் இருக்கிறது. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். திரும்ப எடுத்துப் படித்தேன். வேலைக்குப் போய் ஒரு கல்யாண கவுனின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு வந்தேன். தையற்கடைக்காரி கத்தின கத்தல் உனக்கே கேட்டிருக்கும்.

வெண்டல், உனக்கு இறால் ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு இறாலைத் தின்றுவிட்டு உதடு பூசணிக்காயாய் வீங்கி, மூச்சு முட்டி, உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். அதற்கப்புறம் அம்மா சட்டியோடு வரும் வெள்ளிக்கிழமைகளில் நீ முட்டை பொரித்துக்கொண்டு ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொள்வாய். இப்போது ஒருத்தருக்கு இறால் செய்ய வேண்டுமென்கிறாய். யார் அந்த ஒருத்தர்?

பக்கத்து வீட்டு வெர்னாதானே? நான் அங்கே இருக்கும்போதே அவளுக்கு நம் வீட்டு வேலிமேல் கை வைத்துப் பேசாவிட்டால் பொழுது போகாது.

பெற்ற மகளைத் தெருவில் கண்டால் என் அப்பா எதிர்ப்பக்கம் போய்விடுகிறார், இந்த ஊரே வேண்டாம், வா போகலாம் என்று உன்னைக் கெஞ்சினேன். “என் பஸ் இங்கதான் ஓடுது” என்றாய். இதற்காகத்தான் ஓடுகிறது என்று இப்போதல்லவா தெரிகிறது.

கேட்டாய், எழுதிவிடுகிறேன். எண்ணெயில் மாவைக் கறுக்கக் கறுக்க வறு. வெங்காயம், செலரித் தண்டு, குடமிளகாய் போடு. தக்காளி போடு. இறாலையும் அப்போதே போட்டுவிடு. மூடி வைத்து ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்க விடு. அவள் வயிறாரச் சாப்பிடட்டும்.

லியோனி

*

நியூ ஆர்லியன்ஸ்
மார்ச் 17, 1974

அன்புள்ள லியோனி,

நீ எழுதியதை அடுப்புக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்து, அப்படியே செய்தேன். என்னால் ருசி பார்க்க முடியாதே, அதனால் வேலிப்பக்கம் நின்ற வெர்னாவிடம் ஒரு கரண்டி நீட்டினேன். (கோபப்படாதே. நீட்டியது கரண்டியை மட்டும்தான்.) வாயில் போட்டவள் ரொம்ப நேரம் மென்றாள். “வெண்டல், இது இறாலா, ஒங்க பஸ் டயரா?” என்றாள்.

வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட வேண்டியவரும் மென்று பார்த்தார். இறாலைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைத் தின்றார்.

வெர்னா இல்லை என்பது இப்போது தெரிந்திருக்கும். யார் என்று மட்டும் கேட்காதே, வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கே தப்பு செய்தேன் என்று சொல். மாவு போதவில்லையா? இன்னும் அரை மணி விட்டிருக்க வேண்டுமா?

உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும் என்றிருக்கிற,
வெண்டல்

*

லாஸ் ஏஞ்சலஸ்
மார்ச் 22, 1974

வெண்டல்,

இன்னும் அரை மணியா? சிரிப்பும் வருகிறது, உன்னை நாலு அறை வைக்கலாம் போலவும் வருகிறது. நான் வேண்டுமென்றேதான் தப்பாக எழுதினேன். அம்மா அந்தக் குழம்புக்கு மாவே போட மாட்டாள். இறாலை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போடுவாள். ஊரில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரிந்த விஷயம் உனக்குத் தெரியவில்லை.

வெர்னா இல்லையென்றால் இன்னொருத்தி. பேரைச் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய இடமோ? உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கடல் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன், கடலும் பிடிக்கவில்லை. “கூண்டுக்குள்ள பூனை மாதிரி சுத்தாதடி” என்கிறாள் எர்லீன். அவளுக்குத் தெரிந்த வக்கீல் விவாகரத்துப் பத்திரம் தயார் செய்து கொடுத்திருக்கிறார். என் தையல் மெஷின்மேல் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

பேரைச் சொல். இல்லையென்றால் போட்டுவிடுவேன்.

லியோனி

*

நியூ ஆர்லியன்ஸ்
மார்ச் 27, 1974

லியோனி,

வாக்கை மீறுகிறேன். உன் அப்பா.

கார்னிவலுக்கு முந்தின வாரம், நல்ல மழை. என் பஸ்ஸில் ஏறினார். டிரைவர் நான் என்று பார்த்ததும் அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாமென்று பின்வாங்கினார். படியில் கால் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆயுள் முழுக்கச் சுவருக்குப் பூச்சுப் பூசிய கை, இப்போது அந்தக் கைக்கே மாவுக்கட்டுப் பூசியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வீட்டில் விட்டேன். சமையலறையில் காலி டப்பாக்கள்தான் கிடந்தன. இடது கையால் டப்பாவைத் திறக்கத் தெரியாமல் ஒன்றைச் சுத்தியலால் அடித்து நசுக்கி வைத்திருந்தார். மறுநாள் வேலை முடிந்து சூப் கொண்டுபோனேன். “யாரு ஒன்ன வரச் சொன்னா?” என்றார். ஆனால் குடித்தார். அடுத்த நாள், “கதவச் சாத்து, கொசு வருது” என்றார். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். நான் பக்கச் சந்து வழியாகப் போய், சமையலறையில் வைத்துவிட்டு, அவர் தின்னும் வரைக்கும் நிற்பேன். உட்காரச் சொல்ல மாட்டார். நானும் உட்கார மாட்டேன்.

தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை அவராகவே வாய் திறந்து, “கிளெமான்ஸ் இறால் செய்வா” என்றார். உன் அம்மாவின் பேரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாசலைத் தாண்டும்போது, “அவகிட்ட எதுவும் சொல்லாத” என்றார். அந்த ‘அவ’ யாரென்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

உன் ரப்பர் இறாலைத் தின்ற அன்று அவர் சொன்னதையும் போன கடிதத்தில் மறைத்துவிட்டேன். “இது கிளெமான்ஸ் செய்யறது இல்ல. யாரோ கோவத்துல சொல்லிக் குடுத்தது” என்றார். கண்டுபிடித்துவிட்டார் மனுஷர்.

புனித வெள்ளி வருகிறது. சரியானதை எழுதி அனுப்புவாயா? பத்திரத்தில் என்ன செய்வதென்பது உன் இஷ்டம். அதற்காக இதை எழுதவில்லை. இல்லை, அது பொய். அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

உன்,
வெண்டல்

*

லாஸ் ஏஞ்சலஸ்
ஏப்ரல் 2, 1974

வெண்டல்,

அப்பா என்ற ஒரு சொல்லைப் படித்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது, உன்மேல்தான்.

முதல்முதலில் நீ பெண் கேட்டு வந்த நாள் உனக்கு மறந்துவிட்டதா? எனக்கு மறக்கவில்லை. ரொட்டி வாங்கிவந்த பழுப்புக் காகிதப் பையைக் கையில் பிடித்தபடி அப்பா முன்வாசலுக்கு வந்தார். பையை உன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே போய்க் கொக்கி போட்டுவிட்டார். அவரும் கறுப்பர்தான், தோல் மட்டும் வெளுப்பு; பையைவிடக் கறுத்தவனுக்கு அந்த வாசல் இல்லை. நீ தொப்பியை மாட்டிக்கொண்டு, “நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தாய். நான் பின்னாலேயே ஓடிவந்தேன். ஓடிவந்தவள் ஓடிவந்தவள்தான், திரும்ப அந்த வாசலை மிதிக்கவில்லை. அம்மா செத்தபோதும் கோயிலில்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

நான் பட்டதையெல்லாம் நீ பாட்டுக்கு ஒரு கிண்ணம் சூப்பில் கரைத்துவிட உனக்கு என்ன உரிமை? அவர் உன்னைச் சந்து வழியாக வரவைக்கிறார், நீயும் போகிறாய். நின்றுகொண்டே பரிமாறுகிறாய். உனக்கு ரோஷமே கிடையாதா?

அவர் டப்பாவைச் சுத்தியலால் அடித்தார் என்று ஏன் எழுதினாய்? அது கண்ணைவிட்டுப் போக மாட்டேனென்கிறது.

எழுதிக்கொள். தலையோடு இருக்கிற இறாலாகப் பார்த்து வாங்கு. உரித்து, தலையையும் ஓட்டையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டு. குழம்புக்கு அந்தத் தண்ணீர்தான் உயிர். வெண்ணெயில் வெங்காயம், செலரி, குடமிளகாய் மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்கு. அவசரப்படாதே. பூண்டு, தக்காளி, பிரிஞ்சி இலை ஒன்று, தைம் இலை கொஞ்சம், மிளகாய்த்தூள். இறால் தண்ணீரை விட்டு, வெண்ணெய் மேலே மிதக்கும் வரை சிறு தீயில் விடு. அதற்கப்புறம்தான் இறால். சிவந்து சுருண்டதும் இறக்கிவிடு. சுருண்ட பிறகு நீ பஸ் கதவைச் சாத்துகிற நேரம்கூட அடுப்பில் இருக்கக் கூடாது. உப்பு சரியா என்று மட்டும் வெர்னாவிடம் கேள், பரவாயில்லை.

ஒருத்தருக்கு என்றால் இரண்டு கைப்பிடி இறால். கூடச் செய்யாதே. அந்த மேசையில் உனக்கு நாற்காலி கிடையாது.

இது அம்மாவுக்காக எழுதியது. அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

லியோனி

*

நியூ ஆர்லியன்ஸ்
ஏப்ரல் 14, 1974
ஈஸ்டர்

என் லியோனி,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிழைத்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறேன். இனி நிதானமாகப் படி.

புனித வெள்ளியன்று உன் அப்பா வீட்டிலேயே சமைத்தேன், சூடாகக் கொடுக்கலாமென்று. இறாலை உரித்துப் போட ஏதாவது வேண்டுமே என்று மேசையில் கிடந்த பழுப்பு ரொட்டிப் பையைக் கிழித்து விரித்தேன். விரித்த பிறகுதான் என்ன பை என்று உறைத்தது. அவரும் பார்த்தார். நான் உரித்தேன். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இடது கையால் உரிக்க ஆரம்பித்தார். ஒன்றை உரிப்பதற்குள் நான் ஆறேழு முடித்துவிட்டேன், ஆனாலும் விடவில்லை.

குழம்பு கொதித்தபோது எழுந்து அடுப்பருகே வந்து நின்றுகொண்டார். வாசனையை இழுத்து, “கிளெமான்ஸ்” என்றார். தட்டில் போட்டுக் கொடுத்தேன், தின்றார். பாதியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். “எவ்ளோ நேரம் கம்பம் மாதிரி நிப்ப? உக்காரு. நீயும் போட்டுத் தின்னு.”

லியோனி, அந்த மனிதர் காலால் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். எனக்கு இது ஆகாது என்று சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நம்புவாரா? இத்தனை வருஷத்துக்குப் பழி வாங்குகிறேன், வீம்புக்கு மறுக்கிறேன் என்றல்லவா நினைப்பார்? உட்கார்ந்தேன். இரண்டு கரண்டி தின்றேன். நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது. அப்புறம் தொண்டை. “என்னடா ஆச்சு ஒனக்கு?” என்று எழுந்துவிட்டார். இறால் ஆகாது என்று எப்படியோ சொல்லிவிட்டேன். “அப்பறம் எதுக்குடா தின்ன, முட்டாப்பய மவனே?” என்று கத்தினார். “நீங்க உக்காரச் சொன்னீங்க” என்றேன்.

அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. கட்டுப்போட்ட கையை என் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, முன்வாசல் கொக்கியை இடது கையால் பிடுங்கித் திறந்து, தெருவில் இறங்கி ஊரே கூடுகிற மாதிரி கூவினார். எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்தார். கடைசியில் அந்த முன்வாசல் வழியாக நானும் போய்விட்டேன் பார், என்ன, வெளியேதான்.

ஊசி போட்ட நர்ஸ் அவரிடம், நீங்கள் இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அவருடைய நிறத்தையும் என்னுடைய நிறத்தையும் மாறி மாறிப் பார்த்துத்தான் கேட்டாள். “எம் பொண்ணோட புருஷன்” என்றார். “அவ இப்ப ஊர்ல இல்ல.”

நர்ஸ் போன பிறகு என் கட்டில் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே, “அவ எப்ப வருவா?” என்றார். எனக்கு வாய் வீங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று.

வெண்டல்

*

லாஸ் ஏஞ்சலஸ்
ஏப்ரல் 19, 1974

என் முட்டாள் வெண்டலுக்கு,

ரோஷமே இல்லையா என்று உன்னைக் கேட்டேன். அந்த வரியை அழித்துவிடு. கடிதத்தைப் படித்து அழுதேன், செத்துக்கித்துப் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று உன்னைத் திட்டினேன், மறுபடி அழுதேன். எர்லீன் பயந்து போய்ப் பாதிரியாரைக் கூப்பிடட்டுமா என்றாள்.

பத்திரத்தின் பின்பக்கத்தில் ஒரு கவுனுக்கு அளவு குறித்துவிட்டேன். வக்கீல் முறைத்தால் முறைக்கட்டும்.

அடுத்த வாரம் ரயிலில் வருகிறேன். அப்பாவிடம் சொல்லாதே. பெட்டியோடு நேரே அங்கேதான் போவோம், நீயும் என்னோடு வா. முன்வாசலில் நின்று தட்டுவோம். உன்னைச் சந்துப்பக்கம் கை காட்டினாரென்றால் அந்தப் படியிலிருந்தே திரும்பிவிடுவேன், அவருக்கு எத்தனை கை முறிந்திருந்தாலும் சரி. திறந்தாரென்றால், நீ முதலில் உள்ளே போ. நான் உன் பின்னால் வருகிறேன்.

கடையில் சாமான் வாங்கி வை. சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அடுப்புப் பக்கமே வரக் கூடாது. இறால் இரண்டு பேருக்கு. கோழி ஒருத்தருக்கு மட்டும்.

உன்,
லியோனி