ஐந்தாவது டிஸ்க்

மார்ச் 3, திங்கள்

காலையில் சர்வர் அறையைத் திறந்ததும் ஆரஞ்சு விளக்கு. ஐந்தாவது டிஸ்க் மண்டையைப் போட்டுவிட்டது. பரவாயில்லை. எட்டில் ஒன்று போனால் மீதி ஏழும் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். புதியதைச் சொருகினால், மற்றவற்றைப் படித்துப் படித்து, போனதைத் தானே திரும்ப எழுதிக்கொள்ளும். அதற்குள் இன்னொன்றும் போனால்தான் வினை. ஆஸ்பத்திரியின் ஆறு வருட ஸ்கேன் படங்கள் மொத்தமும் இந்த ஒரு பெட்டியில்தான் கிடக்கின்றன. பேக்கப் வேண்டுமென்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். "அதான் எட்டு இருக்கே, போதாதா?" என்றார் மேனேஜர். மகராசன்.

புது டிஸ்க் அலமாரியில் இருக்கிறது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மார்ச் 4

என்னைச் செருப்பாலேயே அடிக்கணும்.

அலமாரிப் பெட்டியைப் பிரித்து டிஸ்க்கைச் சொருகினேன். மறுபடி ஆரஞ்சு. உருவித் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் என் கையெழுத்திலேயே 'பழுது' — போன வருடத் தேதியோடு. செத்த டிஸ்க்கை, புதுசு வந்த பெட்டியிலேயே போட்டு வைப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வாரண்டிக்குத் திருப்பி அனுப்ப வசதி. நான் அனுப்பவில்லை. ஒரு வருஷமா அது புது மாப்பிள்ளை மாதிரி அலமாரியில உக்காந்திருக்கு!

கடைக்காரருக்கு போன் போட்டேன். "வியாழக்கிழமை வரும் சார்." முன்னாடியே முடியாதா என்றேன். "பறந்தா வர முடியும்?" என்கிறார்.

போன வருடம் மாற்றிய ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே வயது. அடுத்தது எது?

எல்லாப் பிரிவுக்கும் சொல்லிவிட்டேன். புது டிஸ்க் வேலை செய்யும்வரை யாரும் பழைய படம் திறக்கக் கூடாது. படிக்கப் படிக்க மிச்சமுள்ளவற்றுக்குச் சுமை.

மார்ச் 5

வார்டு சிஸ்டர் நேரிலேயே வந்துவிட்டார். "ஆறாம் பெட் தாத்தாவோட பழைய ஸ்கேன் மட்டும் எடுத்துக் குடுங்க சார். நுரையீரல்ல இருக்கிற புள்ளி வளந்திருக்கான்னு பாத்துதான் டாக்டர் முடிவு பண்ணணும்."

முடியாது என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு சார்."

"இப்படி ஒண்ணு ஒண்ணுன்னு எல்லாரும் வந்தா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். நான் செய்தது சரிதான்.

மதியம் அக்கா போன். அவளுக்கும் நுரையீரலில் ஒரு புள்ளி. "டேய், வெள்ளிக்கிழமை டாக்டர் வரச் சொல்லிருக்காரு. மூணு வருஷத்துக்கு முந்தின படத்தோட ஒத்துப் பாக்கணுமாம். சிடிய வீடு மாத்தறப்ப தொலைச்சிட்டேன்டா. உங்ககிட்ட இருக்கும்ல?" அப்படியே இருந்தால் விட்டுவிடுவார்கள். வளர்ந்திருந்தால் கத்தி.

பத்திரமா இருக்கு என்றேன்.

மாலை நாலு மணி. எடுத்துவிட்டேன். அக்காவுடையதை மட்டும். ஒன்பது நிமிடம் பிடித்தது. ஏழாவது நிமிடத்தில் இரண்டாவது டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம். நிறுத்தியிருக்கணும். நிறுத்தல.

மார்ச் 6

11 மணி — புது டிஸ்க் வந்தது, சொருகிவிட்டேன். எழுத ஆரம்பித்துவிட்டது.

1 மணி — 22 சதவீதம். மேனேஜர் எட்டிப் பார்த்து, "ஓடுதில்ல?" என்றார். ஓடுது சார்.

3 மணி — 44. இரண்டாவது டிஸ்க்கின் டக், டக் சத்தம் நிற்கவே இல்லை.

4.30 — 60. இன்னும் கொஞ்சம்தான். தாங்கிடு.

5.20 — 69. சத்தம் நின்றுவிட்டது. இரண்டாவது டிஸ்க் போச்சு. எல்லாம் போச்சு.

மார்ச் 7

அக்காவின் புள்ளி துளிகூட வளரவில்லை. கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் அக்கா தாழ்வாரத்தில் நின்று அழுதாள். அழுதுகொண்டே என் முதுகில் ஒரு போடு போட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று எப்படி எழுதுவேன்?

"எல்லாப் படமும் போச்சுன்னாங்களே, இது மட்டும் எப்படி?" என்று டாக்டர் கேட்டார். முன்னாடியே எடுத்து வெச்சிருந்தேன் என்றேன். ஃபைலோடு பக்கத்தில் நின்ற வார்டு சிஸ்டர் என்னையே பார்த்தார்.

மார்ச் 10

மீட்டெடுக்கும் கம்பெனிக்காரரும் கையை விரித்துவிட்டார்.

புது டிஸ்க்கில் எழுதுவதற்கு எப்படியும் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். நான் அந்த ஒன்பது நிமிடம் தொடாமல் இருந்தாலும் அது போயிருக்கும். காலையிலிருந்து இதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி, அப்படியே இருக்கட்டும். அப்படின்னா தாத்தாவோடதையும் சேத்து எடுத்திருக்கலாமே? பக்கத்துல இருந்த ஃபைல்தானே? ஏன்டா எடுக்கல?

மார்ச் 12

தாத்தாவுக்கு இன்று ஆபரேஷன். ஒத்துப் பார்க்கப் பழைய படம் இல்லாததால், திறந்து பார்த்துவிடுவதே மேல் என்று முடிவெடுத்தார்களாம்.

மேனேஜர் அறிக்கை கேட்டார். காரணம் என்ற இடத்தில் 'டிஸ்க்குகளின் வயது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொடுக்கப் போகிற வழியில், தியேட்டர் வாசல் பெஞ்சில் தாத்தாவின் மகள் உட்கார்ந்திருந்தார்.

"கம்ப்யூட்டர் பாக்கற சார்தானே நீங்க?"

வார்டு சிஸ்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அந்தம்மா நகர்ந்து இடம் விட்டார். "இத்தனை பேரோடது போயிடுச்சாமே. உங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். உக்காருங்க சார்."

உட்கார்ந்தேன்.

"ரெண்டு மணி நேரம்னு சொன்னாங்க. நாலாச்சு. இதெல்லாம் சாதாரணம்தானே சார்?"

சாதாரணம்தான்மா என்றேன்.