பொம்மை ஊஞ்சலின் மூன்று கண்ணிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் அண்ணியும் நலம். உன் நலத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் மூச்சு விடாமல் போனில் என்னைத் திட்டினாயே, நெஞ்சுக்கூடு நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா, பேத்திக்கு முன்பல் முளைத்ததா என்று மட்டும் எழுது. இதையெல்லாம் போனிலேயே சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய், காகிதம்தான் குறுக்கே பேசாது. படித்து முடிக்கும்வரை அண்ணனைக் கூப்பிடாதே.

முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். நீ அனுப்பிய விமான டிக்கெட் பத்தொன்பதாம் தேதிக்கு. நான் பதினொன்றாம் தேதியே காட்டுக்குப் போகிறேன். ஆமாம், அதே காடுதான், உன் அப்பா இருபத்தாறு வருஷத்தில் ஏழு முறை போன காடு. "அப்பாவை முழுங்கின காடு உன்னையும் முழுங்கணுமா" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை உனக்கு முன்னால் நான் அவரிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன், கணக்கே கிடையாது. நில அளவை அலுவலகத்தில் அவர் சர்வேயர், நான் வரைபடப் பிரிவில். அவர் காட்டிலிருந்து கொண்டுவந்த அளவுகளை உட்கார்ந்து படமாக வரைந்ததும் நான்தான், வரைந்துகொண்டே வாய் ஓயாமல் திட்டியதும் நான்தான். அலுவலகத்தில் அவருக்குப் 'புதையல்காரர்' என்று பெயர், என்னைப் புதையல்காரர் பெண்டாட்டி என்பார்கள். உனக்குத் தெரியும், அவர் புதையல் தேடவில்லை. மரம் வெட்ட வழி பார்க்கப் போன ஒரு பழைய காலத்து சர்வேயர் எழுதிவைத்த நோட்டை ஆவண அறையில் குப்பையோடு எறிய இருந்தபோது இவர் எடுத்துவந்தார். இரண்டு ஆறு சேரும் இடத்தில் ஒரு கல்தூண், அங்கிருந்து இன்ன திசையில் நானூறு சங்கிலி, அதாவது ஐந்து மைல் தூரம், செதுக்கிய கற்படிகள், நீளமான மதில், வற்றிய குளம், மனிதர் யாரும் இல்லை. இவ்வளவுதான் அந்த நோட்டில் இருந்தது. அங்கே ஒரு நகரமே மூடிக் கிடக்கிறது, யாரோ வாழ்ந்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது என்று இவர் பிடித்துக்கொண்டார். பிடித்தார் என்றால் குரங்குப்பிடி.

கல்தூணை முதல் பயணத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அங்கிருந்து சங்கிலி போட்டு அளந்துகொண்டே போனார், நானூறு எண்ணி முடித்த இடத்தில் முள்ளும் புதரும்தான். குறிப்பில் நானூறு என்றால் நானூறுதான், அதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. திசைதான் தப்பியிருக்கும் என்று அடுத்த முறை ஒரு பாகை தள்ளிப் போனார், அதற்கடுத்த முறை இன்னொரு பாகை. நான் வரைந்த படத்தில் அந்த ஏழு கோடும் ஒரு கைவிசிறி மாதிரி இருக்கும், எல்லாம் ஒரே நீளம். அதைப் பார்த்துத்தான் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி அத்தனை பேர் கூடிய கூட்டத்தில் "மரத்தைப் பாத்துட்டு மாளிகைங்கிறீங்களே" என்று சொல்லிச் சிரித்தார். உன் அப்பா படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கும் அன்று சிரிப்பு வந்தது, அதை இப்போது மறைக்கப் போவதில்லை.

சரி, இத்தனை நாள் இல்லாத பைத்தியம் இவளுக்கு இப்போது ஏன் பிடித்தது என்றுதானே கேட்கிறாய். நீதான் காரணம். வரும்போது என் பொம்மை ஊஞ்சலைக் கொண்டுவா, பாப்பா கேட்கிறாள் என்று சொன்னாயா இல்லையா. பரண் மேல் இருந்த பெட்டியை அண்ணி இறக்கிக் கொடுத்தாள். திறந்தால் மேலேயே இருக்கிறது உன் ஊஞ்சல். இரண்டு பக்கமும் தொங்க இரண்டு கம்பி, பொம்மை உட்கார நடுவில் ஒரு கம்பி. துடைக்கலாம் என்று கையில் எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது வெறும் கம்பி இல்லை, அளவுச் சங்கிலியின் கண்ணி, அப்படி நூறு கம்பி கோத்தால்தான் ஒரு சங்கிலி. மூன்று கண்ணி. உனக்கு நினைவிருக்காது, நாலு வயது. அப்பாவின் முதல் பயணத்துக்கு முந்தின மாதம் லாரி ஏறி சங்கிலி நசுங்கியது. பட்டறைக்கு நான்தான் எடுத்துப் போனேன், என் கையைப் பிடித்துக்கொண்டு நீ. வளைந்துபோன மூன்று கண்ணியைப் பட்டறைக்காரர் வெட்டி எடுத்ததும் எனக்கு வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதாய். அவர் அங்கேயே அதை ஊஞ்சலாக வளைத்துத் தந்தார். "குழந்தை அழுவுது, குடுத்துடுங்கண்ணே, மிச்சத்தை அப்படியே சேத்துடுங்க" என்று சொன்னவள் நான். அளவை அலுவலகத்தில் சம்பளம் வாங்கிய நான். வீட்டுக்கு வந்து, சரியாகிவிட்டது என்று உன் அப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் சோதிக்காமல் விட்டாரா என்று கேட்பாய். விடுகிற ஆளா அவர். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் வீட்டுப் பக்கச் சுவரில் இருக்கும் இரண்டு ஆணிக்கு நடுவே சங்கிலியை இழுத்துப் பிடித்துப் பார்ப்பார், மயிரிழை பிசகாது. எப்படிப் பிசகும்? சங்கிலி பட்டறைக்குப் போய்வந்த அந்த மாதம்தான் சுவருக்குப் புதுப்பூச்சு பூசினார்கள், பழைய ஆணிகள் போய்விட்டன. புது ஆணியை இந்தச் சங்கிலியை வைத்தே அடித்தார், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். இருபத்தாறு வருஷம் அந்தச் சங்கிலிக்கு அந்த ஆணி சாட்சி, ஆணிக்குச் சங்கிலி சாட்சி. சுவரில் ஆணி இருக்கும்போது கண்ணியை யார் எண்ணுவார்கள்? நான் போன வியாழக்கிழமை எண்ணினேன். பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும், எல்லா இடத்திலும் பத்து, ஓர் இடத்தில் மட்டும் ஏழு. நூறு இருக்க வேண்டியதில் தொண்ணூற்றேழு. நானூறு சங்கிலிக்கு எவ்வளவு குறையும் என்று போட்டுப் பார்த்தேன், பன்னிரண்டு சங்கிலி. எண்ணூறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. கையை நீட்டினால் விரல் தெரியாத காட்டில் எண்ணூறு அடி என்பது வேறு தேசம். அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், அண்ணி பயந்துபோனாள்.

இதைச் சொன்னால் உன் அண்ணன் புரிந்துகொள்வான் என்று பார்த்தேன். அவன் என் பூட்ஸை எடுத்து ஒளித்துவைத்தான். அண்ணி அதைத் தேடி எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள், அவனிடம் சொல்லிக்கொடுத்துவிடாதே. முழங்கால் டாக்டர் மாடிப்படியே ஏறக்கூடாது என்றார். காட்டில் ஏது மாடிப்படி, அப்படி ஒரு படி கண்ணில் பட்டால் ஏறாமல் கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தனியாகப் போகவில்லை. அப்பாவோடு புதர் வெட்டி வழி போட்டாரே கத்திக்காரர், அவருடைய மகள் இப்போது ஆறு பேரை வைத்து அதே வேலை செய்கிறாள். நடக்க முடியாவிட்டால் "தூக்கிட்டாவது போறோம், வாங்கம்மா" என்கிறாள். நோட்டில் சொன்ன திசையிலேயே போன முதல் கோட்டின் முடிவில் அப்பா ஒரு மரத்தில் சதுரமாகச் செதுக்கிவைத்த அடையாளம் இன்னும் இருக்கிறதாம், போன வருஷம் பார்த்தாளாம்.

அறுபத்து நாலு வயதில் இது தேவையா என்று இனி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம், நீயும்தான். உன் வீட்டு ஜன்னலோரம் எனக்கு நாற்காலி போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாய், சந்தோஷம், அது அங்கேயே இருக்கட்டும். அங்கே ஒன்றுமே இல்லாமலும் போகலாம். இல்லை என்றால் இல்லை என்பதை நான் என் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். பெரிய அதிகாரி சொன்னார் என்பதற்காக இல்லை என்று நம்ப மாட்டேன். கடைசிக் காய்ச்சலில் படுத்திருந்தபோது உன் அப்பா என் கையைப் பிடித்து "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கணுமோன்னு தோணுது" என்றார். "பேசாம மருந்தைக் குடிங்க" என்றேன் நான். அந்த மனிதர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. அவர் போன இந்த நாலு வருஷமாக இதைச் சொல்லிக்கொள்ளக்கூட எனக்குத் தெரியாமல் இருந்தது.

நீ இதில் உன்னைச் சேர்த்துக்கொண்டு அழாதே. நாலு வயதுக் குழந்தை ஊஞ்சல் கேட்டது, அவ்வளவுதான். பாப்பாவிடம் பாட்டி ஊஞ்சலைக் கொஞ்ச நாளைக்குக் கடன் வாங்கியிருக்கிறாள் என்று சொல். பட்டறைக்காரரின் மகனிடம் கொடுத்து மூன்றையும் நிமிர்த்தி சங்கிலியில் சேர்த்துவிட்டேன். சுவரில் பிடித்துப் பார்த்தேன், ஆணியைத் தாண்டி இரண்டு அடி போகிறது.

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட்டின் தேதியை மாற்ற மறக்காதே, ரத்து செய்யாதே, நான் திரும்பி வருவேன். முதலிலிருந்து எல்லாம் அளக்கப் போவதில்லை. அந்த மரத்திலிருந்து பன்னிரண்டு சங்கிலி, அவ்வளவுதான் பாக்கி.

இப்படிக்கு,
உன் அம்மா,
புதையல்காரர் பெண்டாட்டி.