முந்தானையை உதறிய வாசல்

மதினி,

இன்று காலை விளக்கேற்றத் தீக்குச்சியை உரசினேன். முதல் குச்சி தலை தெறித்து விழுந்தது. அந்தக் கந்தக வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். "மருந்து சரியா முக்கல" என்று குச்சியை எடுத்துப் பார்த்துக் குறை சொல்லியிருப்பீர்கள்.

செவ்வாய்தோறும் அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, ஒவ்வொரு சந்திலும் நின்று இங்கன பஞ்சு மூட்டை அடுக்குற கிட்டங்கி இருந்தது, இங்கன கிணறு இருந்தது என்று காட்டுவீர்கள். கேட்க நம் தெருப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ரயில் நிலையத்திலிருந்து கோயில் வரை எங்களோடு நடக்க வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நான் அவர்களுக்கு ஊர்க்கதை சொல்கிறேன்.

என் நோட்டு உங்களுக்குத் தெரியும். இடம், சொன்னவர், ஒத்துச் சொன்னவர் என்று வீட்டுக் கணக்குப் போலக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பேர் சொல்லாததை நடையில் சொல்வதில்லை. நீங்கள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் வாசலுக்கு மட்டும் விதிவிலக்கு. நீங்களே அங்கு நின்று, சாயங்காலம் வெளியே வரும்போது குச்சி ஒளித்திருக்கிறோமா என்று சோதித்ததை முந்தானையை உதறிக் காட்டுவீர்கள். "நாள் முழுக்க குச்சி அடுக்கிட்டு, அடுப்பு பத்தவைக்க பக்கத்து வீட்டுல நெருப்பு கேட்டேன்" என்பீர்கள். கொண்டையையும் அவிழ்க்கச் சொன்னதை என்னிடம் மட்டும் சொன்னீர்கள். ஆம்பிளைகள் முன்னால் அதைச் சொல்ல வேண்டாம் என்றீர்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, ஒத்துச் சொல்ல ஆள் தேடிப் பசுவந்தனைப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போனேன். அன்று வேனில் வேலைக்கு வந்தவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நோட்டில் ஒத்துச் சொன்னவருக்கான மூன்றாவது கட்டம் காலியாகவே கிடந்தது.

ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். போன ஞாயிறு நாங்கள் போய் நின்றதும் அன்றைய முதலாளியின் மகன் வெளியே வந்தார். கோயில் அன்னதானத்தில் தன் கையாலேயே பரிமாறுகிறவர்.

"வெளியூர்க்காரவியளுக்குக் கடலைமிட்டாய் கடையக் காட்டுங்க, போதும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க நோட்டுல இதுக்கு ஒத்தப் பேருதான் இருக்காம். செத்தவிய சொன்னத வச்சு எங்கப்பா பேரக் கெடுக்குதீங்க. உங்க வழக்கப்படியே அடிச்சிருங்க" என்றார்.

நோட்டுக்கு நான் போட்ட விதியே என்னை மடக்கியது. பிறகு என் முந்தானையை எடுத்து உதறினேன். கோயிலுக்கு முடிந்து வைத்திருந்த கற்பூரமும் பூவும் அவர் காலடியில் விழுந்தன.

"சொன்னவிய செத்துப் போனாவ, அண்ணாச்சி. சொன்னது சாகல. நான் அடிக்க மாட்டேன்."

வாசல் ஓரம் அண்டா கழுவிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததே இல்லை.

"அப்படி இல்லம்மா. ரெண்டு தடவ உதறணும்" என்றார். தானே உதறிக் காட்டினார். பிறகு, நான் யாரிடமும் சொல்லாத அதைச் செய்தார். கொண்டையை அவிழ்த்து, நரைத்த முடியை முன்னால் தொங்கவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

"நீ உள்ள போ" என்றார் அண்ணாச்சி.

"போறேன் மொதலாளி. தலைய முடிஞ்சிட்டுப் போறேன்."

அவசரப்படாமல் முடிந்தார். அத்தனை பேரும் காத்திருந்தோம். பேரை எழுதட்டுமா, வேலைக்கு மோசம் வருமே என்றேன். "என் பேர எங்கப்பா பேரோட எழுதுங்க. அண்டா கழுவ ஊருல வேற மண்டபமா இல்ல?" என்றார். அங்கேயே நின்று மூன்றாவது கட்டத்தில் எழுதினேன்.

வரும் ஞாயிறும் அந்த வாசலில் நிற்போம், மதினி. முந்தானையை இரண்டு தடவை உதறுவேன். கொண்டையை மட்டும் அவிழ்க்க மாட்டேன். உங்களுக்கும் சேர்த்து அது முடிந்தே இருக்கட்டும்.