எழுதியவள் ஸ்டெல்லா

என் ஸ்டெல்லாக் கண்ணே,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வருடத் திருப்பலிக்கு எல்லோரும் வந்தார்கள். உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினார்கள். நான் வாயே திறக்கவில்லை. எனக்குச் சொல்ல இருந்தது கோயிலில் வைத்துச் சொல்லக்கூடியதாக இல்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். தினகருக்கு வேலை போய்விட்டது. போகவைத்தது நான்தான்.

இதை உன் வலைப்பூவில் போடப்போகிறேன், உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

தி.நகரில் அந்தப் பெரிய பாத்திரக் கடையில், மிக்ஸி, குக்கர் விற்கும் மாடியில் பன்னிரண்டு வருடம் நின்றாய். வாங்கிப்போனவர்கள் மறுநாளே திரும்பி வந்து, "இத எப்படிம்மா போடறது?" என்று உன்னைத்தான் தேடுவார்கள். பெட்டிக்குள் தமிழில் ஒரு தாள் இருக்கும். அந்தத் தமிழ் ஒருத்தருக்கும் விளங்காது. ஒரு மிக்ஸியின் தாளில், "கைக்குழந்தைகளை எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று போட்டிருந்ததை நீ வீட்டுக்கு எடுத்துவந்து படித்துக் காட்டினாய். "புள்ளைய பரண்ல வெக்கணுமா அண்ணி?" என்று நீ கேட்டதும், மீன் கழுவிய கையோடு நான் சுவரில் சாய்ந்து சிரித்தேனே, ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்குத் தொடங்கியதுதான் உன் வலைப்பூ. 'பெட்டிக்குள் இருக்கும் தாள்' என்று நீயே பெயர் வைத்தாய். வாரம் ஒரு தாளை எடுப்பாய். முதலில் அதில் இருக்கும் தமிழ், கீழே உன் தமிழ். "அழுத்தத்தை முழுமையாக விடுவித்த பின்னரே மூடியை அகற்றவும்" என்று அவர்கள் எழுதியிருந்தால், நீ எழுதுவாய்: "விசிலைக் கரண்டியால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உஸ்ஸென்று சத்தம் வந்தால் இன்னும் திறக்காதீர்கள்." படங்களும் நீயே எடுத்தாய், நம் சாந்தோம் வீட்டுச் சமையலறையில், உன் கீறல் விழுந்த போனில்.

தினகர் உன் மாடியில் சூப்பர்வைசர். உன்னைவிட ஆறு வயது சின்னவன். வாய்க்கு வாய் அக்கா. கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என்னை அண்ணி என்று கூப்பிட்டுவிட்டுப் போனவன். "அக்கா, தேனாம்பேட்டைல ஒரு கம்பெனி கீது. இந்தத் தாளெல்லாம் அவங்கதான் எழுதிக் குடுக்கறாங்க. உங்க பிளாக்கக் காட்டினாப் போதும், வேல நிச்சயம். பாஸ்வேர்டு குடுங்க, நான் கொஞ்சம் அழகு பண்ணித் தரேன்" என்றான். நீ கொடுத்தாய். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று உனக்கு எவ்வளவு ஆசை! கால் நரம்பு சுருண்டு போயிருந்ததை நீ யாரிடமும் சொன்னதில்லை. தைலம் தேய்த்துவிட்ட எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வாரத்தில் அவன் கடையை விட்டு நின்றான். எங்கே போனான் என்று உன்னிடம் சொல்லவில்லை.

நீயே விண்ணப்பம் போட்டு நேர்முகத்துக்குப் போன அன்று நான் நீலப் புடவையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அந்தத் தேனாம்பேட்டைக் கம்பெனியில், ஆள் எடுக்கும் வசந்தி மேடம் உன் வலைப்பூவைத் திறந்திருக்கிறார். அதே பதிவுகள், அதே படங்கள். எழுதியவர் பெயர் மட்டும் தினகர். "இது எங்க ஆபீஸ்ல இருக்கற தினகர் எழுதினதாச்சே! அடுத்தவர் எழுத்தைக் கொண்டு வந்து வேலை கேக்கறீங்களே, வெக்கமா இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். பாஸ்வேர்டை அவன் மாற்றியிருந்தான். உன் வலைப்பூவுக்குள் உன்னாலேயே நுழைய முடியவில்லை.

நீ போன் செய்தபோது அவன் என்ன சொன்னான்? "அக்கா, அழகு பண்ணது நான்தானே, எனக்கும் உரிமை கீதுல்ல?" அதற்குப் பிறகு அவன் உன் நம்பரை எடுக்கவே இல்லை. கடையில் ஒருத்தராவது உனக்காகப் பேசினார்களா? நீ மறுபடி மாடியில் போய் நின்றாய். எழுதுவதை நிறுத்தினாய். சமையலறையில் தாளைப் படித்துச் சிரிப்பதும் நின்றது. எட்டு மாதம். பிறகு காய்ச்சல் என்று படுத்தாய், பத்து நாளில் முடிந்துவிட்டது.

அவன் உன்னைக் கொன்றான் என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். ஆனால் அந்த எட்டு மாதத்தை அவன்தான் தின்றான்.

"இன்னாத்துக்குமா இதெல்லாம்? போனவ போயிட்டா, உட்டுடு" என்றார் உன் அண்ணன். "மன்னிச்சிடும்மா" என்றார் ஃபாதர். "அவன் முதல்ல ஸ்டெல்லாகிட்டக் கேக்கட்டும் ஃபாதர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன் எழுத்தைப் படிக்கலாம் என்று அவன் பெயரில் இருந்த உன் வலைப்பூவைத் திறந்தேன். குக்கர் பதிவு. விசில் சரியாகத் தெரியவில்லை என்று படத்தை விரலால் விரித்தேன். விரித்த கை அப்படியே நின்றது. குக்கரின் பளபளப்பில் நீ நின்றுகொண்டிருந்தாய். பூப்போட்ட நைட்டி, தூக்கிப் பிடித்த போன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. உனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தது நான்.

அழவில்லை ஸ்டெல்லா. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மற்ற படங்களையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். இன்னும் நான்கில் நீ இருந்தாய். திருடியவன் எழுத்தைப் பார்த்தான், பெயரைப் பார்த்தான், பாத்திரத்தைப் பார்க்கவில்லை.

உடனே போய்ச் சண்டை போட்டிருந்தால் படங்களை அழித்திருப்பான். அதனால் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஐந்து மாதம் கழித்து அந்தக் கம்பெனி ஆள் எடுப்பதாக அறிவித்தது. எளிய தமிழில் எழுதுகிறவர்கள் வேண்டும், எழுதியதை அனுப்புங்கள் என்று. பள்ளிக்கூட ஆபீசில் மாற்றுச் சான்றிதழ் டைப் அடிக்கிற நான், நாற்பத்தாறு வயதில் சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கினேன். நீ செய்த மாதிரியே ஐந்து தாள்களை எடுத்து எழுதினேன். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதுபோல் எழுதினேன். அழைப்பு வந்தது. நேர்முகத்தன்று காலை, தேனாம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு ஆறாவது பதிவை வெளியிட்டேன். அதில் அந்தக் குக்கர் படம் மட்டும். மேலே ஒரே வரி: 'இந்தப் படத்தை எடுத்தது யார்?'

மேசைக்கு அந்தப் பக்கம் வசந்தி மேடம். அவர் பக்கத்தில் அவன். என்னைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

"அஞ்சும் படிச்சேன், நல்லா இருக்கு" என்றார் மேடம்.

"இன்னிக்குக் காலைல ஆறாவது ஒண்ணு போட்டேன் மேடம். அதையும் பாத்துடுங்க."

சுவரில் இருந்த பெரிய திரையில் குக்கர் வந்தது. "இது தினகரோட பிளாக்ல இருக்கற படமாச்சே?" என்றார்.

"ஆமா மேடம்." அவனைப் பார்த்துக் கேட்டேன். "சார், இது உங்க வீட்டுக் குக்கரா?"

அவனுக்கு யோசிக்க நேரம் இல்லை. "ஆமா, எங்க வீட்டுதுதான். நான்தான் எடுத்தேன்."

"கொஞ்சம் பெருசு பண்ணுங்க மேடம்."

நீ சுவர் முழுக்க வந்து நின்றாய். எத்தனை பெரிதாக! மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யாரு இவங்க?"

"இதே ரூமுக்கு வந்து, திருடின்னு பேர் வாங்கிட்டுப் போனவங்க. நீலப் புடவை. பின்னாடி ஒக்காந்து மீன் ஆயறது நான். இந்த மாதிரி இன்னும் நாலு கீது, காட்டட்டுமா?"

"மேடம், இதப் பத்தி நான் தனியா..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் மேடம். என்னிடம் இல்லை, அவனிடம்.

நான் கிளம்பி வெளியே வந்ததும் லிஃப்ட் வரை ஓடி வந்தான். "அண்ணி, ஒரு நிமிஷம். தெரியாமப் பண்ணிட்டேன், அண்ணி."

"என்னை நீ முறை வெச்சுக் கூப்பிடாத" என்றேன். லிஃப்ட் மூடியது. உன்னை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குப் பசித்தது. இறங்கி வந்து தனியாக உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் உன் அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த போட்டோவ குடு" என்று வாங்கி, விரித்துப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

பத்து நாளில் அவனை அனுப்பிவிட்டார்கள். அவனிடமிருந்து பாஸ்வேர்டை வாங்கிக் கொடுத்தார்கள்; வலைப்பூவில் எழுதியவர் இடத்தில் உன் பெயர் திரும்பி வந்துவிட்டது. மேடம் போன் செய்து, "வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். நான் வேலைக்காகவா போனேன்? ஆனாலும் ஒரு நிபந்தனை சொன்னேன். உன் பெயருக்கு, கம்பெனித் தாளில், மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்று. கொடுத்தார்கள். அதை உன் வலைப்பூவில் எல்லோரும் பார்க்கப் போட்டிருக்கிறேன். இப்போது அவன் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்கிறேன். ஒவ்வொரு நாளும் காலையில் அதை இழுத்துப் போட்டு உட்காரும்போது எனக்கு இனிக்கிறது. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதை நான் சொல்வதில்லை. இதற்காக வருத்தப்பட்டால்தானே சொல்வதற்கு?

போன வாரம் அவன் மனைவி வீட்டுக்கு வந்தாள். அவன் எங்கே வேலை கேட்டாலும் பெயரைத் தேடிப் பார்க்கிறார்களாம். முதலில் வருவது என்னுடைய ஆறாவது பதிவாம். நடந்தது முழுவதையும் அதில் பிறகு எழுதிவைத்திருக்கிறேன். காபி கொடுத்தேன். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவளைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அத மட்டும் எடுத்துடுங்கக்கா. எங்களுக்கு வேற வழி இல்ல."

"முடியாதும்மா."

"செத்துப்போனவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுதே" என்றேன்.

அவள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். நான் வாசல் வரைக்கும் போகவில்லை. செய்தது சரியா என்று நீ கேட்பாயோ? நீ இருந்திருந்தால் எடுத்துவிடச் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும். நீ அவ்வளவு நல்லவளாக இருந்ததால்தானே பாஸ்வேர்டைக் கொடுத்தாய்?

அதனால் இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சை நான் கேட்கப்போவதில்லை ஸ்டெல்லா. நான் இருக்கும்வரை அந்தப் பதிவு இருக்கும். என் கண்ணுக்குப் பிறகும் இருக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். இது சத்தியம்.

மன்னிக்கத் தெரியாத,
உன் அண்ணன் பெண்டாட்டி,
அமலா