கொளஞ்சி பார்த்த இடது கால்

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை

என்னங்க,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் இதை எழுதி, தம்பியிடம் கொடுத்துப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன்.

நீங்கள் மயக்கத்தில் இருந்தபோது நடந்தது இது. உங்கள் இடது தொடையில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்து, ரத்தக்குழாய் சுருங்கிய இடத்தில் ஸ்டென்ட் வைத்தாயிற்று என்று டாக்டர் சொன்னதும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நுரையீரலுக்குப் போயிருக்கும். கால் வீங்குனத யாரும்மா மொதல்ல பார்த்தது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், உங்களோடு பீங்கான் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற கொளஞ்சி முன்னால் வந்தாள்.

"நான்தாங்க சார். வலிக்குதுன்னு ரெண்டு நாளா எங்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான்தான் ஆட்டோவுல ஏத்தி மொதல்ல விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

அந்த இரண்டு நாளும் என் பக்கத்தில்தானே படுத்திருந்தீர்கள்?

அவள் உங்களுக்காக வாங்கி வந்த இளநீரை வேறொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டேன். "அக்கா" என்று கூப்பிட்டாள், நான் திரும்பவில்லை. உயிரைக் காப்பாற்றியவளிடம் அப்படி நடந்துகொண்டது தப்புதான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று நேற்று ஊருக்குக் கிளம்பும்போது கேட்டதற்கு, "நீ பயந்துக்குவ" என்றீர்கள். உங்களுக்காகப் பயப்பட என்னைவிட யாருக்கு உரிமை இருக்கிறது?

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலையில் இறுக்கமான காலுறை போட வேண்டுமாம். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது கொளஞ்சியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான்தான் போட்டுவிடுவேன்.

இனிமேல் எங்கே வலித்தாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள். அவளிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி