துணி மூடிய தட்டு

ஷுப்ரா, கெய்ரோ
1994 பிப்ரவரி 1

அன்புள்ள அம்மாவுக்கு,

ரிஃபாத் சலாம் சொல்லி எழுதுவது. நலமாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள், என் சுஹைர், எழுதிய படத்தை எடுத்து முடித்துவிட்டார்கள். அவள் வளர்ந்த கர்மூஸ் சந்து, நீங்கள் ஊரார் துணி வெளுத்த முற்றம், எல்லாம் இருக்கிறது. சத்தம் சேர்க்கும் வேலை என்னுடையது. அவள் நம்மை விட்டுப் போய் ஆறு மாதம். படத்தில் வரும் அவளுடைய ஏழைப் பிள்ளைகளின் இருமலை நாளெல்லாம் கேட்கிறேன். எனக்குள் ஒன்றும் ஆவதில்லை. மீட்டரில் முள் ஆடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு காட்சிக்கு மட்டும் சத்தம் இல்லை. பெருநாளுக்கு கஹ்க் பிஸ்கட் சுட, பெண்கள் தட்டுகளோடு சந்து ரொட்டிக்கடை அடுப்புக்குப் போகிறார்கள். வீட்டில் மாவே இல்லாத அம்மா, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலிருக்கத் தட்டில் செங்கல் துண்டுகளை அடுக்கி, துணி மூடிக் கொண்டுபோகிறாள். ஆறு வயது மகள் வாசலில் நிற்கிறாள். பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. அம்மா வெளியே வரும்போது கண்கள் நனைந்திருக்கின்றன. சுஹைர் எழுதியது அதுவரைதான். உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியாது.

இயக்குநர், "ஒரு அழுகையப் போட்டுட்டு வீட்டுக்குப் போப்பா" என்கிறார். எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு உள்ளே என்ன சத்தம் கேட்டது, அம்மா?

ரிஃபாத்


கர்மூஸ், அலெக்சாந்திரியா
பிப்ரவரி 6

என் மகன் எஞ்சினியருக்கு,

சாப்பிடுறேன்னு எழுதிட்டா வயிறு ரொம்பிடுமா? இத நம்புறதுக்கு வேற மாமியார் பாத்துக்கோ.

அன்னிக்கு அடுப்படியில வரிசையா அஞ்சு தட்டு. அடுப்புக்காரர் ஷிஹாத்தா என் தட்டத் தூக்குனார். "என்னம்மா சுஹைர் அம்மா, நெய்க்குப் பதிலா ஈயத்த ஊத்துனியா?"ன்னார். துணி நழுவிடுச்சு. செங்கல்.

அப்பத்தான் எதிர்வீட்டு ஃபிக்ரிய்யா, "உனக்காச்சும் செங்கல் கெடச்சுதே"ன்னு அவ துணியத் தூக்குனா. அவ புருஷனோட பட்டாளத்து பூட்ஸ், ரெண்டு காலும். வஹீபோட அம்மா தட்டுல பித்தளை உரல். ஷிஹாத்தா மொகத்துல ஒரு அசைவு இல்ல. "பூட்ஸ் வேக நேரமாகும், அத ஓரமா வைங்க"ன்னார்.

அவ்ளோதான். மாவு மூட்டை மேல விழுந்து விழுந்து சிரிச்சோம். அந்தக் கண்ணீரத்தான் என் மக பாத்திருக்கா. அப்புறம் அவரே ரொட்டி மாவ உருட்டி எங்க மூணு பேர் தட்டுலயும் சுட்டுக் குடுத்தார். சுஹைர் கழுத அதக் கஹ்க்னு நெனச்சே தின்னுச்சு.

அம்மா அழுதான்னு நெனச்சுக்கிட்டே வளந்திருக்கா, ரிஃபாத். ஒரு தடவ கேட்டிருக்கக் கூடாதா. நானும் மானத்துக்குப் பயந்து சொல்லல. படத்துலயாச்சும் சரி பண்ணிடு.

உன் அம்மா,
தவ்ஹீதா


ஷுப்ரா
பிப்ரவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நடிகைகளைச் சிரிக்க வைத்தேன். பற்பசை விளம்பரம் போல இருக்கிறது. "பாக்குறவங்க அழணும்ப்பா, இதென்ன கூத்து" என்று இயக்குநர் சத்தம் போட்டார். இரண்டு வாரம் தந்திருக்கிறார். அதற்குள் சரியான சிரிப்பு கிடைக்காவிட்டால் அழுகைதான்.

நீங்கள் மூவரும் கெய்ரோ வர முடியுமா? நானே அங்கு வந்து பதிவு செய்யலாம். ஆனால் உங்கள் வாசலில் அவள் செருப்பு கிடக்கும். என்னால் முடியாது.

ரிஃபாத்


ஷுப்ரா
மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நோன்பு வயிற்றோடு மூன்று பேரும் மைக் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நின்றதை நினைத்துக்கொள்கிறேன். "சிரிங்க" என்றால், "என்னத்துக்குப்பா?" என்று கேட்டார் வஹீபின் அம்மா. முதல் மூன்று பதிவும் வீண். நாலாவதில் ஃபிக்ரிய்யா அக்கா பையிலிருந்து அந்த பூட்ஸையே எடுத்து மேசையில் வைத்து, "இன்னும் வேகலடி" என்றாரே, அதுதான் படத்தில் இருக்கிறது.

ஒரு பிழை நேர்ந்துவிட்டது. சிரிப்பின் நடுவே ஓர் ஆணின் குரல் விழுந்திருக்கிறது. யாரென்று மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். நான்தான். வெட்டலாம் என்றேன். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுப்புக்காரர்னு நெனச்சுக்குவாங்க, விடுப்பா" என்றார். அவர் கேட்ட அழுகை கிடைத்துவிட்டது, அவருடையதாகவே.

பெருநாளுக்கு வரச் சொன்னீர்கள். வேலை இருக்கிறது. மன்னியுங்கள்.

ரிஃபாத்


கர்மூஸ்
மார்ச் 9

எஞ்சினியரே,

வேலை இருக்காம். படம் முடிஞ்சுதுன்னு உன் இயக்குநரே ஃபிக்ரிய்யாகிட்ட சொல்லிட்டார்.

துக்க வீட்டுல மொதப் பெருநாளைக்கு கஹ்க் சுடக் கூடாது, உனக்கே தெரியும். அக்கம்பக்கம்தான் குடுக்கணும். குடுத்துட்டாங்க, சந்து மொத்தமும். ஒத்த ஆளா எவ்வளவு திங்கறது? பஸ்ல ஒரு தட்டு அனுப்பியிருக்கேன். துணியப் பாத்துத் தூக்கு.

செருப்ப வாசல்லேர்ந்து எடுக்க மாட்டேன். அதுக்குப் பக்கத்துல உன்னுதக் கழட்டிப் போடு.

அம்மா


ஷுப்ரா
மார்ச் 10

அம்மா,

தட்டு வந்துச்சு. "சார், உங்க மாமியார் கஹ்க்கத் தூக்கி என் தோள்பட்டையே போச்சு"ன்னு பஸ்காரர் பொலம்புறார். அங்கயே துணியத் தூக்கினேன். நாலு செங்கல், நடுவுல ஒத்தக் கால் பூட்ஸ்.

பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் பாக்குறாங்க. அவர் கேக்குறார், "ஏன் சார் அழுவுறீங்க?" இல்லைன்னு சொல்லக்கூட முடியல, அப்படிச் சிரிப்பு.

இந்தக் கடுதாசிய அவர்கிட்டயே குடுத்தனுப்புறேன். பெருநாளுக்கு மொதநாள் ரயில்ல வரேன். பூட்ஸக் கொண்டுவந்து ஜோடி சேக்கணும்ல.

மொதக் கடுதாசில சாப்பிடுறேன்னு எழுதினது பொய். பசிக்குதும்மா.

உங்க ரிஃபாத்